வாங்குவதே வாழ்வென்று ஆக்கப்பட்ட நாடு

ஒரு மக்களினம் தன்னை எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கின்றதோ, அந்தச் சொல் நாளடைவில் அதன் வாழ்வையே வடித்துவிடும். சொல்லாய்வில் நாம் காட்டும் ஈடுபாட்டை வெறும் மொழிவெறி என்று எள்ளி நகையாடுவோர் இவ்வுண்மையை அறியார். 'குடிமகன்' என்னும் சொல்லுக்குள் ஓர் ஊரும் அதன்பால் ஒரு கடமையும் உண்டு. 'உழைப்பாளி' என்னும் சொல்லுக்குள் இரண்டு கைகள் உண்டு. 'வாங்குபவன்' என்னும் சொல்லுக்குள்ளோ ஒரு பணப்பை மட்டுமே உண்டு.

ஆங்கிலத்தில் 'கன்சியூமர்' என்று ஒரு சொல் வழங்குகின்றது. அதனை நாம் 'நுகர்வோர்' என்று பெயர்த்து ஆள்கின்றோம். அதன் வேர் இலத்தீன மொழியைச் சார்ந்தது. முற்றும் எடுத்துக்கொள்ளுதல், தின்று தீர்த்தல், அழித்தல் என்பனவே அவ்வேரின் பொருள்கள். தீ ஒரு வீட்டைத் தின்று தீர்த்ததையும், நோய் ஓர் உடலை உருக்கியதையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே குறித்தனர். என்புருக்கி நோய்க்கே அவர்கள் நெடுங்காலம் 'கன்சம்ப்சன்' என்றுதான் பெயர் வைத்திருந்தனர். நம் 'நுகர்தல்' அத்தகையதன்று. மலரின் மணத்தை நுகர்கின்றோம், மலர் அழிவதில்லை. இன்பத்தை நுகர்கின்றோம், அஃது உணர்வாகின்றது. அளவோடு துய்ப்பதே நுகர்தல். எனவே, மொழிபெயர்ப்பில் சொல் நம்முடையதாக இருப்பினும், அதனுள் புகுந்துள்ள பொருள் நம்முடையதன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

அழித்தலைக் குறித்த அச்சொல், ஒரு முழு நாட்டு மக்களும் பெருமையோடு ஏற்றுக்கொள்ளும் பெயராக எவ்வாறு மாறிற்று? அம்மாற்றம் இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அது தானே விளைந்ததன்று; விளைவிக்கப்பட்டது. அரசின் சட்டமும், வைப்பகத்தின் கடனும், விளம்பரக்காரனின் சூழ்ச்சியும் கைகோத்து அதனை விளைவித்தன. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி, இன்று உலகம் முழுவதும் பரவியுள்ள அந்நோயின் முதலை நாம் அறிதல் இயலாது.

போர் ஓய்ந்தது, பொறிகள் ஓயவில்லை

1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின்னர் அமெரிக்கா பெரும் பொருளியல் முடக்கத்துள் வீழ்ந்தது. 1933ஆம் ஆண்டளவில் அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தனர். அம்முடக்கத்தை முற்றும் போக்கியது போரே. படைக்கருவி செய்யும் ஆலைகள் இரவும் பகலும் இயங்கின. 1942 பிப்பிரவரித் திங்களில் பொதுமக்களுக்கான மகிழுந்து ஆக்கம் நிறுத்தப்பட்டது. மகிழுந்து ஆலைகள் தகரிகளும் வானூர்திகளும் செய்யத் தலைப்பட்டன. சருக்கரை, இறைச்சி, கன்னெய், உருளிப்பட்டை ஆகியவை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டன. மக்கள் கையில் கூலி இருந்தது. வாங்கப் பண்டம் இல்லை. எனவே அவர்கள் சேமித்தனர். போர்க்கடன் முறிகளை வாங்கினர். பழையதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதும், வீணாக்காமல் இருப்பதுமே நாட்டுப்பற்று என்று அரசே அவர்களுக்கு அறிவுறுத்திற்று.

1945ஆம் ஆண்டில் போர் முடிந்தது. அப்பொழுது ஆள்வோர்க்கும் ஆலை முதலாளிகட்கும் ஓர் அச்சம் தோன்றியது. படைக்கருவி வேண்டாத காலத்தில் இத்தனை ஆலைகளும் என்ன செய்யும்? ஒரு கோடிக்கு மேற்பட்ட படைமறவர் வீடு திரும்புகின்றனர். அவர்களுக்கு வேலை எங்கே? மீண்டும் முடக்கம் வருமோ? இவ்வச்சத்திற்கு அவர்கள் கண்ட விடை ஒன்றே. போர் தின்று தீர்த்ததை இனி வீடு தின்று தீர்க்க வேண்டும். நேற்றுவரை சேமிப்பே நாட்டுப்பற்று. இன்று முதல் செலவே நாட்டுப்பற்று. ஒரே தலைமுறைக்குள், ஒரே மக்களுக்கு, நேர்மாறான இரண்டு அறங்கள் கற்பிக்கப்பட்டன.

உருளைக்கிழங்குக் கொல்லையில் எழுந்த ஊர்

இப்புதிய வாழ்வின் முதற்சின்னம் புறநகர் வீடு. 1944ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட படைமறவர் மறுவாழ்வுச் சட்டம், போரினின்று திரும்பியவர்கட்குக் கல்விக்கு உதவியும், வீடு வாங்குவதற்கு அரசின் பிணையோடு கூடிய கடனும் தந்தது. முன்பணம் இன்றியே வீடு பெறும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. நியூயார்க்கு நகருக்குக் கிழக்கே நீள்தீவில் கிடந்த உருளைக்கிழங்குக் கொல்லைகளை வாங்கி, வில்லியம் இலெவிட்டு என்பார் 1947ஆம் ஆண்டில் வீடுகட்டத் தொடங்கினார். ஆலையில் மகிழுந்து நகர்ந்து செல்ல, ஆள்கள் நின்ற இடத்திலேயே நின்று பொருத்துவர். இங்கோ வீடுகள் நின்றன, ஆள்கள் நகர்ந்தனர். ஒருவன் கட்டடம் முழுவதையும் கட்டமாட்டான். ஒருவன் வண்ணம் மட்டும் பூசுவான், ஒருவன் ஓடு மட்டும் பதிப்பான். வேலை மும்முரமாக நிகழ்ந்தபோது நாளொன்றுக்கு முப்பது வீடுகள் எழுந்தன. நான்காண்டுகளில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள், ஒன்றைப்போல் ஒன்று, அங்கு நின்றன. இலெவிட்டவுன் என்று அவ்வூர் பெயர் பெற்றது.

அவ்வீடுகளில் துணிதுவைக்கும் பொறி வைத்தே தரப்பட்டது. 1950ஆம் ஆண்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியே சுவரில் பதித்துத் தரப்பட்டது. அதாவது, வீட்டோடு விளம்பரமும் குடியேறியது. அப்பெட்டியின் விலையும் நீண்டநாள் வீட்டுக்கடனுள் அடங்கியது.

ஆனால் அக்கதவு எல்லார்க்கும் திறக்கவில்லை. இலெவிட்டவுன் வீட்டு ஒப்பந்தத்தில் வெள்ளையரல்லாதார் அங்குக் குடியிருத்தல் கூடாது என்ற விதி எழுதப்பட்டிருந்தது. இத்தகைய இனவிலக்கு ஒப்பந்தங்களை முறைமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் இலெவிட்டு கருப்பின மக்களுக்கு வீடு விற்க மறுத்தார். பென்சில்வேனியாவில் அவர் கட்டிய மற்றோர் ஊரில், 1957ஆம் ஆண்டில் ஒரு கருப்பினக் குடும்பம் பழைய உரிமையாளரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறியபோது, வெள்ளையர் கூட்டம் அவ்வீட்டைச் சூழ்ந்து கூச்சலிட்டது, கல்லெறிந்தது. அதே போரில் அதே கொடியின்கீழ்ப் போரிட்ட கருப்பின மறவர்க்கு, அதே சட்டத்தின் பயன் பெரும்பாலும் எட்டாக்கனியாயிற்று. வீடு விற்பதில் இனவேறுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் கூட்டரசுச் சட்டம் 1968ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையர் வீட்டின்வழி சொத்துச் சேர்த்து முடித்தனர். 'எல்லார்க்கும் வளம்' என்ற முழக்கத்தின் உள்ளீடு இதுவே.

வீடு நகரைவிட்டு விலகவே, மகிழுந்தின்றி வாழ்வில்லை என்றாயிற்று. 1956ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஐசனாவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. அதன் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசே ஏற்றது. நகரத் தெருக்களில் ஓடிய மின்வண்டிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. 1945ஆம் ஆண்டில் இரண்டரைக் கோடியளவில் இருந்த மகிழுந்துகள், 1960ஆம் ஆண்டில் ஆறு கோடியைக் கடந்தன. 'மக்கள் விரும்பினர், மகிழுந்து வாங்கினர்' என்று கூறுவோர் ஒன்றை மறைக்கின்றனர். நடந்து செல்லும் தொலைவில் கடையும் பள்ளியும் இல்லாத ஓர் ஊரைக் கட்டிவிட்டுப் பின்னர், 'உனக்கு வண்டி வேண்டுமா, வேண்டாவா?' என்று கேட்பது விருப்பத்தைக் கேட்பதாகாது.

கடைகளும் அவ்வண்ணமே மாறின. ஆசுத்திரிய நாட்டிலிருந்து இட்லரின் கொடுமைக்கு அஞ்சி வந்த கட்டடக்கலைஞர் விக்டர் குரூவன், 1956ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்து எடினாவில் முழுதும் கூரையிட்ட பேரங்காடியைக் கட்டினார். வியன்னா நகரத்தின் நடுத்தெருவைப்போல் மக்கள் கூடிப் பேசும் பொதுமன்றமாக அது விளங்கும் என்று அவர் கருதினார். வணிகரோ அவர்தம் கூரையை மட்டும் எடுத்துக்கொண்டனர், மன்றத்தை விட்டுவிட்டனர். தம் பெயரால் பெருகிய அவ்வங்காடிகளைப் பிற்காலத்தில் அவரே வெறுத்து ஒதுக்கினார்.

வேட்கையைப் பயிரிட்டவர்கள்

மாந்தனின் தேவைக்கு ஓர் எல்லை உண்டு. வயிறு நிரம்பினால் உணவு வேண்டா; உடுக்க இரண்டு இருந்தால் மூன்றாவது துணி பெட்டியில்தான் கிடக்கும். ஆனால் ஆலைக்கு எல்லை இல்லை. எனவே ஆலையின் அளவிற்கு மாந்தனின் தேவையை நீட்ட வேண்டியதாயிற்று. 1955ஆம் ஆண்டில் விக்டர் இலெபோ என்னும் விற்பனை ஆய்வாளர் இதனை மறைவின்றி எழுதினார். நுகர்வையே வாழ்க்கை முறையாகக் கொள்ளுமாறும், வாங்குவதையும் பயன்படுத்துவதையும் ஒரு வழிபாட்டுச் சடங்காக மாற்றுமாறும் தம் நாட்டின் மாபெரும் ஆக்கத்திறன் கோருகின்றது என்பது அவர் கூற்றின் சாரம். மக்களுக்காகப் பண்டம் என்பது போய்ப் பண்டத்திற்காக மக்கள் என்னும் நிலை இதனினும் தெளிவாக உரைக்கப்படுதல் அரிது.

இதற்குக் கிடைத்த கருவி தொலைக்காட்சி. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க வீடுகளுள் ஏறத்தாழ 9 விழுக்காட்டில் மட்டுமே அஃது இருந்தது. 1960ஆம் ஆண்டிலோ ஏறத்தாழ 87 விழுக்காட்டு வீடுகளில் புகுந்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் கூடங்கள் அனைத்தும் கடைத்தெருவோடு இணைக்கப்பட்டன. வியன்னாவிலிருந்து வந்த எர்னசுட்டு திக்டர் போன்ற உளவியல் வல்லுநர்கள் வணிக நிறுவனங்கட்கு அறிவுரைஞர் ஆயினர். நோயுற்ற உள்ளத்தை ஆற்றுதற்குத் தோன்றிய உளவியல், நலமுள்ள உள்ளத்தில் குறையுணர்வை ஊட்டுதற்குப் பயன்பட்டது. வெண்சுருட்டு நுரையீரலைக் கெடுக்கும் என்று அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டது 1964ஆம் ஆண்டில். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அதன் விளம்பரம் நின்றதோ 1971ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஏழாண்டுகள் யாருக்காக?

பண்டம் விரைவில் பழையதாக வேண்டும் என்பது அடுத்த சூழ்ச்சி. செனரல் மோட்டார்சு நிறுவனம் ஆண்டுதோறும் மகிழுந்தின் தோற்றத்தை மாற்றும் முறையை 1920களிலேயே தொடங்கியிருந்தது. போருக்குப் பின்னர் அது பித்தாக முற்றிற்று. போர் வானூர்தி ஒன்றின் வாலைப் பார்த்து வரையப்பட்ட துடுப்புகள் 1948ஆம் ஆண்டின் காடிலாக்கு மகிழுந்தின் பின்புறத்தில் முளைத்தன. 1959ஆம் ஆண்டளவில் அவை விண்ணை முட்டுவனபோல் உயர்ந்து நின்றன. அத்துடுப்பால் வண்டி விரைந்து ஓடியதா? இல்லை. சென்ற ஆண்டு வண்டி வைத்திருந்தவன் நாணினான். அதுவே அதன் பயன். இதற்குத் 'திட்டமிட்ட பழமையாக்கம்' என்ற பெயரை 1954ஆம் ஆண்டில் பரப்பியவர் புரூக்சு சுடீவன்சு என்னும் வடிவமைப்பாளர். பொருள் தேய்வதற்கு முன்பே அதன்மேல் உள்ள விருப்பத்தைத் தேய்ப்பதே அக்கலை.

கையில் பணம் இல்லாதவனுக்குக் கடன் அட்டை வந்தது. உணவகங்களில் பயன்படுத்தும் 'தைனர்சு கிளப்பு' அட்டை 1950ஆம் ஆண்டில் தோன்றியது. 1958ஆம் ஆண்டில் பேங்கு ஆப் அமெரிக்கா என்னும் வைப்பகம், கலிபோர்னியாவின் பிரெசுனோ நகர மக்களுக்கு, அவர்கள் கேளாமலேயே 60,000 கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. 'விசா' என்று இன்று உலகம் அறிந்த அட்டையின் பிறப்பு அதுவே. கடன்பட்டவனை இரக்கத்தோடு பார்த்த உலகில், கடன்பட வல்லவனே தகுதியுடையவன் என்ற புதிய அளவுகோல் பிறந்தது. நாளைய உழைப்பை இன்றே விற்றுவிட்டவன், நாளைக்கு முதலாளியை எதிர்த்து நிமிர்ந்து நிற்பானா?

அடுக்களையில் நிகழ்ந்த சொற்போர்

இவ்வாழ்வு அந்நாட்டின் அரசியல் கொள்கையாகவே மாறியதற்கு 1959 சூலை 24ஆம் நாள் மாசுகோவில் நிகழ்ந்த சொற்போர் சான்றாகும். அங்கு அமைந்த அமெரிக்கக் கண்காட்சியைத் திறக்கச் சென்ற துணைத்தலைவர் நிக்சன், சோவியத்து ஒன்றியத்தின் தலைமையமைச்சர் குருச்சேவை ஒரு போன்மை வீட்டின் அடுக்களைக்கு அழைத்துச் சென்று, பொறிகளைக் காட்டிப் பெருமை பேசினார். உங்கள் வீடுகள் இருபது ஆண்டுகளுக்கே நிற்குமாறு கட்டப்படுகின்றன. பின்னர் புதிது விற்பதற்காகவே அவ்வாறு செய்கின்றீர்கள் என்று குருச்சேவு குத்தினார். வீடு நின்றாலும் இருபது ஆண்டுகளில் மக்கள் புதிய வீட்டையும் புதிய அடுக்களையையும் விரும்புவர் என்பது நிக்சனின் மறுமொழி.

இருவரும் அணுக்குண்டு வைத்திருந்த வல்லரசுகளின் தலைவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அளந்துகொண்டது துணிதுவைக்கும் பொறியால்! நாமோ இருவர் பக்கமும் நில்லோம். சோவியத்து ஆட்சி தன்னுள் அடங்கிய இனங்களின் உரிமையை நசுக்கியதை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் நிக்சனின் விடையில் ஓர் ஏமாற்று உண்டு. உரிமை என்பது பல வண்ணப் பொறிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு என்று அவர் பொருள் கூறிவிட்டார். அந்த நாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரும்பாலான கருப்பின மக்களால் வாக்களிக்க இயலவில்லை. பொறி வாங்க இயன்றது, வாக்கிட இயலவில்லை. எது உரிமை?

மொழிகள் மறைந்த வரலாறு

நம் இயக்கத்தார் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டியது மற்றொன்று உண்டு. நியூயார்க்கு, சிகாகோ போன்ற நகரங்களின் பழந்தெருக்களில் இத்தாலியரும் போலந்தியரும் யித்திசு மொழி பேசிய யூதரும் தனித்தனிக் குடியிருப்புகளாய் வாழ்ந்தனர். அப்பம் சுடுவோனும் இறைச்சி விற்போனும் அவரவர் மொழியிலேயே வணிகம் செய்தனர். தாய்மொழிச் செய்தித்தாள்கள் இருந்தன, நாடகங்கள் நடந்தன. புறநகருக்குப் பெயர்ந்த பிள்ளைகளுக்கு அத்தெரு இல்லை. ஊர்ப்பெயர் ஒட்டாத பேரங்காடியில் எல்லாப் பெட்டிகளிலும் ஆங்கிலமே எழுதியிருந்தது. கூடத்துப் பெட்டியும் ஆங்கிலமே பேசிற்று. பேரன் பாட்டியோடு பேச இயலாதவன் ஆனான்.

இம்மறைவுக்கு நுகர்வு வாழ்வு மட்டுமே கரணியம் என்று நாம் கூறவில்லை. பள்ளியில் ஆங்கிலமே ஆண்டதும், முதல் உலகப்போர்க் காலத்தில் செருமன் மொழி ஒடுக்கப்பட்டதும், 1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியேற்றம் குறைக்கப்பட்டதும் அதற்கு முன்பே வேரை அறுத்திருந்தன. எஞ்சியதைச் சந்தை முடித்து வைத்தது. குடியேறிய மக்களின் மொழிப்பற்றையும் அதன் தேய்வையும் யோசுவா பிசுமன் என்னும் மொழியியலறிஞர் 1966ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். சட்டம் போட்டு ஒரு மொழியை அழிக்க முனைந்தால் மக்கள் எதிர்த்து எழுவர், நாம் எழுந்தோம். விலைச்சீட்டு வழியாக ஒரு மொழி விலக்கப்படும்போது எதிர்ப்பதற்குப் பகைவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதுவே அதன் கொடுமை.

உள்ளிருந்து எழுந்த குரல்கள்

அந்நாட்டிலேயே அறிவும் அறமும் உடையோர் வாய்திறவாமல் இருந்தாரல்லர். வான்சு பேக்கார்டு 1957ஆம் ஆண்டில் விளம்பரக்காரரின் மறைவான தூண்டுதல்களைப் பற்றியும், 1960ஆம் ஆண்டில் வீணாக்குதலை வளர்ப்போரைப் பற்றியும் நூல்கள் எழுதினார். பொருளியலறிஞர் சான் கென்னத்து கால்பிரெய்த்து 1958ஆம் ஆண்டில் 'செழிப்புக் குமுகாயம்' என்னும் பொருள்பட்ட தம் நூலில், தேவைக்காக ஆக்கம் என்பது மாறி, ஆக்கமே தேவையைப் படைக்கின்றது என்று காட்டினார். வீட்டினுள் பொருள் குவிய, வெளியே பள்ளியும் பூங்காவும் பொதுப்போக்குவரத்தும் வறுமையுற்றதை அவர் சுட்டினார். மைக்கேல் ஆரிங்டன் 1962ஆம் ஆண்டில், அச்செழிப்பின் நிழலில் நான்கு கோடிக்கு மேற்பட்ட ஏழைகள் கண்ணில்படாமல் வாழ்வதை எழுதினார். இரால்பு நாடர் 1965ஆம் ஆண்டில் மகிழுந்துகளின் காப்பின்மையை அம்பலப்படுத்தினார். செனரல் மோட்டார்சு நிறுவனம் அவரை வேவுபார்க்க ஆள் அமர்த்தியது. அது வெளிப்பட்டபின் அதன் தலைவரே 1966ஆம் ஆண்டில் மூதவைக் குழுவின்முன் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டே மகிழுந்துக் காப்புச் சட்டம் வந்தது.

ஆனால் எழுத்தினும் வலிய செயலைக் கருப்பின மக்கள் செய்து காட்டினர். அலபாமாவின் மாண்டுகோமரி நகரில், பேருந்தில் தங்களை இழிவுபடுத்தியதை எதிர்த்து 1955 திசம்பர் முதல் 381 நாள்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்றனர், வென்றனர். 1960 பிப்பிரவரி முதல்நாள், வடகரோலினாவின் கிரீன்சுபரோ நகரத்தில் உல்வொர்த்து கடைக்குள் நான்கு கருப்பின மாணவர்கள் நுழைந்தனர். பற்பசை முதலிய சிறுபொருள்களை அவர்களுக்கு விற்றுக் காசு வாங்கிக்கொண்ட அதே கடை, உணவு மேடையில் அமர்ந்து குளம்பி கேட்டபோது தர மறுத்தது. அவர்கள் எழவில்லை. நாளும் கூட்டம் பெருகியது. மற்ற நகரங்கட்கும் போராட்டம் பரவியது. அவ்வாண்டு சூலைத் திங்களில் அக்கடை பணிந்தது. அம்மாணவர்கள் கேட்டது குளம்பியையா? இல்லை, மாந்தர் என்ற மதிப்பை. என் காசு உனக்கு ஆகும், நான் ஆகேனா என்று ஒருவன் கேட்ட அந்த நொடியில், வாங்குபவன் மறைந்து குடிமகன் பிறக்கின்றான்.

இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. மக்களை வாங்குவோராக மட்டும் ஆக்கிய அமைப்பு, அறியாமலேயே அவர்கள் கையில் ஒரு படைக்கலத்தையும் தந்துள்ளது. அது வாங்க மறுத்தல்.

எளிமை வேறு, வறுமை வேறு

'துணிதுவைக்கும் பொறி பெண்டிரின் முதுகொடியும் உழைப்பைக் குறைத்ததே, அதுவும் கேடா?' என்று சிலர் வினவலாம். இல்லை. குளிர்பெட்டி உணவு கெடாமல் காத்தது; பொறி உழைப்பைத் தணித்தது; அந்த ஆண்டுகளில் தொழிற்சங்கங்களின் வலிமையால் அமெரிக்கத் தொழிலாளி முன்னிலும் நல்ல கூலி பெற்றான். இவற்றை மறுப்பது அறியாமை. தமிழியம் வறுமையைப் போற்றுவதன்று. ஈட்டுக, துய்க்க, ஈக என்பதே நம் முன்னோர் நெறி. பொருளுக்கு ஒரு பாலே வகுத்த வள்ளுவர், அவாவறுத்தலுக்கும் ஒப்புரவுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததும் இதனாலேயே. நாம் கேட்பது பொறி வேண்டுமா, வேண்டாவா என்பதன்று. போதும் என்று சொல்லும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே. அமெரிக்காவில் அவ்வுரிமை மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

அதன் முடிவைக் காண்க. 1947ஆம் ஆண்டின் இலெவிட்டவுன் வீடு 750 சதுர அடி. 2010களில் கட்டப்பட்ட புதிய அமெரிக்க வீட்டின் சராசரி அளவு 2,500 சதுர அடியைத் தாண்டியது. வீட்டில் வாழ்வோர் தொகையோ குறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய வீட்டிலும் அடங்காத பொருள்களைப் போட்டு வைக்க வாடகைக் கிடங்குகள் பெருகின. 2008ஆம் ஆண்டில் வீட்டுக்கடன்கள் சரிந்து உலகப் பொருளியலையே உலுக்கின. 2023ஆம் ஆண்டில் கடன் அட்டைக் கடன் மட்டும் ஓர் இலக்கம் கோடி தாலரைக் கடந்தது. எல்லாம் வாங்கியும் அடங்காத வேட்கை, கடனாளியைத்தான் ஈன்றது.

நமக்குரிய பாடம்

இது கடல் கடந்த கதை என்று நாம் இருந்துவிட இயலாது. 1991ஆம் ஆண்டில் இந்திய அரசு பொருளியல் கதவுகளை அகலத் திறந்தபின், அதே வாழ்வு நம் வாயிலுக்கும் வந்தது. அமெரிக்கப் போர்டு மகிழுந்து நிறுவனம் 1990களில் தன் ஆலையை அமைத்தது எங்கே? மறைமலைநகரில்! 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்து, பிறமொழிச் சொல்லைக்கூடத் தேவையின்றிக் கடன் வாங்காதே என்று நமக்குக் கற்பித்த பெருமகனாரின் பெயர் தாங்கிய ஊரில்! இந்தியாவில் பத்தாண்டுகளில் இருநூறு கோடி தாலருக்கு மேல் இழப்பு என்று கணக்குக் காட்டி, 2021 செபுதம்பரில் அந்நிறுவனம் ஆக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் அவ்வாலையில் மகிழுந்து ஆக்கம் நின்றது. ஏற்றுமதிக்காக மீண்டும் அதனைப் பயன்படுத்தும் எண்ணத்தை 2024ஆம் ஆண்டில் அதே நிறுவனம் அறிவித்தது. மூடுவதும் திறப்பதும் மிச்சிகனில் முடிவாகின்றன. இடையில் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளியின் குடும்பம் அக்கணக்கில் எந்த வரியிலும் இல்லை. அவர்களுக்கு நாம் மக்களினம் அல்லோம், ஒரு சந்தை. சந்தை சுருங்கினால் கடையைக் கட்டுவர்.

நம் கடைத்தெருக்களைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை. இருந்தாலும் தமிழெழுத்தில் ஆங்கிலமே இருக்கின்றது. பொருளை வாங்கும்போதே பெயரையும் வாங்குகின்றோம்; பெயரை வாங்கும்போது நம் சொல்லை விற்கின்றோம். அமெரிக்கப் புறநகரில் இத்தாலியப் பேரன் இழந்ததை, நம் ஊரிலேயே, நம் தெருவிலேயே இருந்துகொண்டு நாம் இழக்கின்றோம்.

எனவே, தமிழ்மக்களே! ஒரு பொருளை வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எனக்குத் தேவையா, அன்றித் தேவை என்று எனக்குச் சொல்லப்பட்டதா? இதன் விலையை என் உழைப்பு தருகின்றதா, என் கடன் தருகின்றதா? இதனை என் மொழியில் பெயர் சொல்லிக் கேட்க என்னால் இயலுமா? விடை ஏற்புடையதாயின் வாங்குக, மகிழ்ந்து துய்க்க. அன்றாயின் மறுக்க. மாண்டுகோமரியின் எளிய மக்கள் 381 நாள்கள் மறுத்தனர். ஒரு நகரமே அவர்கட்குப் பணிந்தது. மறுக்கத் தெரிந்த மக்களை எந்தச் சந்தையும் விலைக்கு வாங்க இயலாது.